25-க்கு முன்பே தீர்ந்துபோகும் கிறிஸ்துமஸ்

நவம்பர் கடைசி வாரத்திலேயே நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டைத் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் அலுவலகத்தில் கேக் வெட்டியாகிவிடுகிறது. இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விழா. மூன்றாவது வாரத்தில் வாலிபர் ஐக்கியத்தின் கேரல் ரவுண்ட்ஸ், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டம், சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் நாடகம், பாடகர் குழுவின் கீத ஆராதனை என்று வரிசை கட்டி வருகின்றன. நடுவே பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, தையல்கடைக்கு நடை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடுகிற வேலை. 25-ஆம் தேதி விடியற்கால ஆராதனைக்குப் போய்வந்து, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால் பண்டிகை முடிந்துவிட்டது. மிஞ்சுவது உடம்பு அலுப்பும், எதையோ தவறவிட்ட உணர்வும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44 லட்சத்துக்கும் மேல். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 விழுக்காடு. இவர்களில் எத்தனையோ வீடுகளில் டிசம்பர் இப்படித்தான் ஓடுகிறது.

இந்த நிலைக்குப் பிரசங்க பீடங்களிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மருந்து சொல்லப்படுகிறது. வெளி ஆடம்பரத்தைக் குறையுங்கள், ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், மனதை ஆயத்தப்படுத்துங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது ஏற்கெனவே நீண்டிருக்கும் வேலைப் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்கிறது. கேக்குக்குச் சொல்ல வேண்டும், ஸ்டார் பல்பு மாற்ற வேண்டும், ஆத்துமாவையும் ஆயத்தப்படுத்த வேண்டும். கடைசியாகச் சேர்ந்தது முதலில் விடுபட்டுப்போவதில் வியப்பில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. டிசம்பரில் நம்முடைய சிக்கல் வேலை அதிகமாக இருப்பதால் வந்ததல்ல. பண்டிகையை அதற்குரிய நாளுக்கு முன்பே கொண்டாடத் தொடங்கியதால் வந்தது. திருச்சபை காத்திருப்பதற்கென்று வைத்த நான்கு வாரங்களை நாம் கொண்டாட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம். கொண்டாட்டத்துக்கென்று வைத்த பன்னிரண்டு நாட்களைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம். இந்த வரிசையைத் திருப்பி வைத்தால், ஆயத்தத்துக்கு என்று தனியாக நேரம் தேட வேண்டிய தேவை பெருமளவு போய்விடும்.

வழிபாட்டு நாட்காட்டியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் அட்வென்ட் என்றும் சொல்கிற பருவம், நவம்பர் 30-ஆம் தேதி வரும் அந்திரேயா திருநாளுக்கு மிக அருகிலுள்ள ஞாயிறன்று தொடங்குகிறது. குறைந்தது 22 நாள், அதிகம் போனால் 28 நாள். ஆலயத்தில் ஊதா நிறம் வந்துவிடும். கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறுதோறும் பாடப்படும் வானவர் கீதம் இந்த வாரங்களில் பாடப்படுவதில்லை. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது என்பதால், பிறப்பு இரவு வரைக்கும் அது வாய்க்குள்ளேயே நிற்கிறது. முதல் வாரங்களின் வாசகங்களில் குழந்தை இயேசுவைப் பார்க்கவே முடியாது. உலக முடிவு, நியாயத்தீர்ப்பு, விழித்திருங்கள் என்ற எச்சரிக்கை, பிறகு வனாந்தரத்தில் திருமுழுக்கு யோவானின் குரல். டிசம்பர் 17 முதல்தான் வாசகங்கள் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன: மத்தேயு தரும் வம்ச வரலாறு, யோசேப்பின் கனவு, சகரியா ஊமையாதல், மரியாளுக்கு வந்த செய்தி என்று நாளுக்கு ஒரு படியாக. 24-ஆம் தேதி மாலையில்தான் கிறிஸ்துமஸ் தொடங்குகிறது. தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, அதாவது ஜனவரி இரண்டாம் வாரம் வரை நீடிக்கிறது. இவ்வளவு கவனமாக அடுக்கப்பட்ட ஒன்றைத்தான் நாம் டிசம்பர் முதல் தேதி ஸ்பீக்கர் கட்டிக் கலைத்துவிடுகிறோம்.

இந்த அடுக்கு ஒரே நாளில் வந்ததில்லை. கி.பி. 380-இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் கூடிய சங்கம், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள் வரை யாரும் ஆலயத்துக்கு வராமல் வீட்டில் முடங்கக் கூடாது என்று விதித்தது. 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று ஏற்பாடு செய்தார். 581-இல் மாக்கோன் சங்கம் அதை மற்ற இடங்களுக்கும் பரப்பியது. அதே தூர் நகரில் 567-இல் கூடிய சங்கம் இன்னொன்றும் செய்திருந்தது: கிறிஸ்துமஸுக்கும் திருக்காட்சிக்கும் இடைப்பட்ட நாட்கள் அனைத்தும் திருநாட்களே என்று அறிவித்தது. நோன்பு ஒரு பக்கம், விருந்து மறுபக்கம். நடுவே ஓர் இரவு. கீழைத் திருச்சபைகள் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பை இன்றும் கைவிடவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்திலும் குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளிலும் உள்ள சிரியன் மரபுச் சபையார் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு இருக்கிறார்கள். இலத்தீன் மரபில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நோன்பு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சட்டமாகவே இருந்தது. அந்தக் காலத்து உழவனுக்கும் தச்சனுக்கும் டிசம்பரில் வேலை குறைவாக இருந்தது என்று எண்ண வேண்டாம். குளிர்காலத்துக்கு விறகும் தீனியும் சேர்க்கிற அவசரம் அவர்களுக்கும் இருந்தது. வேலை இருக்கும்போதே நோன்பும் இருந்தது.

திருநாளுக்கு முன்னால் அடக்கம் என்பது தமிழ் மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. திருவருகைக் காலத்தின் கடைசி எட்டு நாட்களும் மார்கழியின் முதல் நாட்களும் ஏறத்தாழ ஒன்றாகவே தொடங்குகின்றன. மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். விடியுமுன் எழுந்து, குளிர்ந்த நீரில் குளித்து, கோயிலுக்குப் போவார்கள். நெய்யும் பாலும் மையும் பூவும் விலக்கிய பாவை நோன்பின் நினைவு இங்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வாழ்கிறது. அதே தெருவில் இருக்கும் இஸ்லாமியக் குடும்பம் ரமலான் மாதம் முழுவதும் பகலில் தண்ணீர்கூட அருந்தாமல் கடை திறக்கிறது, ஆட்டோ ஓட்டுகிறது, பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்புகிறது. பெருநாள் பிறை தெரிந்த பிறகுதான் வருகிறது. நேரமில்லை, வேலை இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, நம் பக்கத்து வீட்டில் நடப்பதையாவது ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேலை குறைவாக இல்லை. எப்போது நோன்பு, எப்போது விருந்து என்பதில் குழப்பம்தான் இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இந்தக் காத்திருப்பைப் பாடிய முன்னோர் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை எழுதியபோது, உலாவரும் தலைவனுக்காக ஏங்குகிற தலைவி, அவளுக்குக் குறி சொல்ல வருகிற குறத்தி என்ற பழைய அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். கிறிஸ்துவின் வருகையைச் சொல்ல அவருக்கு வாய்த்த வடிவமே ஏங்குதலின் வடிவம். அந்த நூலை நம் சபைகள் மேடையில் போற்றுகின்றன. அதிலுள்ள ஏக்கத்துக்கு நாட்காட்டியில் ஒரு வாரம்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். பிறந்துவிட்ட ஒருவருக்காக யாரும் காத்திருப்பதில்லையே! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததை நினைவுகூர்வது மட்டும்தான் கிறிஸ்துமஸ் என்றால் இந்தக் கேள்வி சரியானதே. ஆனால் திருவருகைக் காலம் இரண்டு வருகைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது; ஒன்று நடந்தது, இன்னொன்று வரப்போவது. அநீதி இன்னும் ஓயவில்லை, சாவு இன்னும் தோற்றதாகத் தெரியவில்லை, அழுகிறவர்களின் கண்ணீர் இன்னும் துடைக்கப்படவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் திருச்சபை பெத்லகேமுக்குக் கூட்டிப்போகிறது. டிசம்பர் தொடக்கத்திலேயே நாம் மகிழ்ச்சிப் பாட்டைப் பாடத் தொடங்கும்போது, இந்தப் பகுதி முழுவதும் அடிபட்டுப்போகிறது. அந்த ஆண்டில் துக்கம் நேர்ந்த வீட்டாருக்கு, வேலை போனவருக்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குச் சபையில் இடமில்லாமல் போகிறது. காத்திருக்கிற சபையில் அவர்கள்தான் முன்வரிசை. கொண்டாடித் தீர்க்கிற சபையில் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

இது வெறும் வாதம் இல்லை என்பதைக் குமரிக் கடற்கரை பட்டு அறிந்திருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அந்தக் கடலைக் கலக்கியது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பெண்கள் கடற்கரையிலும் ஆலய வளாகத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். மீட்கச் சொல்லிக் குழித்துறையில் ரயில் பாதையில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு அந்த ஊர்களில் கிறிஸ்துமஸ் ஆரவாரமின்றிக் கழிந்தது. வருவாரா என்று தெரியாமல் காத்திருப்பது, வருவார் என்று நம்பிக் காத்திருப்பது, வரவில்லையென்றாலும் கைவிடப்படவில்லை என்று பற்றிக்கொள்வது ஆகிய மூன்றையும் அந்த நான்கு வாரத்தில் அவர்கள் அனுபவித்தார்கள். ஊதா நிறத்தையும் ஓலமிடுகிற தீர்க்கதரிசன வாசகங்களையும் அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது; தாமிரபரணிக் கரையும் தூத்துக்குடியும் மூழ்கின. அன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. ஊதாவுக்கு நடுவே ரோஜா நிறம் உடுத்தி மகிழச் சொல்கிற ஞாயிறு. நம் டிசம்பர் பல நேரம் இப்படித்தான் வருகிறது. இருட்டைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு பருவம் கைவசம் இருக்கும்போது அதை நாம் ஏன் வீணாக்க வேண்டும்?

சரி, வேலைக்கு என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. பக்திப் புத்தகங்கள் இதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. லூக்கா மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. யோர்தான் கரையில் யோவானிடம் மூன்று கூட்டத்தார் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பொதுமக்களிடம், இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு, சாப்பாட்டையும் அப்படியே பகிர்ந்துகொள் என்கிறார். வரி வசூலிப்பவர்களிடம், குறித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு என்கிறார். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று வாழ்ந்த மனிதர் சொல்லாததைக் கவனிக்க வேண்டும். ஆயத்தம் நடக்கிற இடம் கல்லாப்பெட்டியும் அலுவலக மேசையும். டிசம்பரில் ஜவுளிக்கடை முதலாளி, நாள் முழுக்க நின்றபடியே விற்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் அது திருவருகைக் கால நோன்பு. இதற்குத் தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத்திருத்தமே கொண்டுவந்தது. ஆனாலும் பண்டிகைக் கூட்டத்தில் முதலில் ஓரங்கட்டப்படுவது அந்த ஸ்டூல்தான். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு 24-ஆம் தேதி மத்தியானத்தோடு சம்பளமும் விடுப்பும் கொடுத்து அனுப்புவது, கடன் வாங்கியவனை மாதக் கடைசியில் நெருக்காமல் விடுவது, லஞ்சம் புழங்குகிற நாற்காலியில் அதைத் தொடாமலிருப்பது ஆகியவையும் அதே நோன்புதான். இவற்றுக்குத் தனி நேரம் தேவையில்லை. ஏற்கெனவே செய்கிற வேலையையே வேறுவிதமாகச் செய்தால் போதும்.

பரபரப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்கிற ஆண்களோ 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. சாதாரண நாளில் ஐந்து மணி நேரம் என்றால், அரிசி இடித்து, பாகு காய்ச்சி, அடுப்படியில் அச்சுமுறுக்குக் கம்பியோடு நிற்கிற டிசம்பரில் எவ்வளவு என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எண்ணெய் சரியான சூட்டில் இருந்தால்தான் மாவு அச்சைவிட்டுக் கழலும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். ஒரு டின் நிரம்ப ஒரு ராத்திரி ஆகும். அந்தப் பெண்ணிடம் போய், நீ வேலையில் பரபரத்த மார்த்தாளைப் போல் இராதே, இயேசுவின் பாதத்தில் அமர்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாளைப் போல் இரு என்று பிரசங்கம் செய்வது கொடுமை. அவளுடைய ஆத்தும ஆயத்தத்துக்குத் தடையாக இருப்பது அவளுடைய பக்திக் குறைவு இல்லை. கூடமாட ஒரு கை போடாத அந்த வீட்டு ஆண்களும், சொந்தபந்தத்துக்குக் காட்ட வேண்டிய பலகார எண்ணிக்கையும்தான். மூன்று பலகாரத்தை ஒன்றாக்கினால், கணவனும் பையனும் மாவு பிசைந்தால், அதுவே ஒரு தெளிவான ஆயத்தம். இயேசுவின் தாயும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். செய்தி கேட்டதும் மலைநாட்டுக்கு விரைந்து போனாள், வயதான காலத்தில் கருவுற்ற உறவுக்காரியோடு ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தாள் என்கிறார் லூக்கா. விரைவு அவளுக்கும் இருந்தது. அந்த விரைவு இன்னொருத்தியின் பாரத்தைத் தாங்கப் போன விரைவு.

வெளி அலங்காரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடிலை எடுத்துக்கொள்வோம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலில் அதை அமைத்தபோது, கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் இருக்கையிலேயே தமக்கு வேண்டியவரான ஜியோவானி என்பவரை அழைத்து ஏற்பாடு செய்யச் சொன்னதாக அவருடைய முதல் வரலாற்றாசிரியர் செலானோ தாமஸ் எழுதுகிறார். அங்கே இருந்தது ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் ஒன்றும் கிடையாது. தொட்டி காலியாக இருந்தது. அதன்மேல் திருப்பலி நடந்தது. ஊர்மக்கள் தீவட்டியோடு வந்து நின்றார்கள். போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1-ஆம் தேதி, திருவருகையின் முதல் ஞாயிறன்று, அதே கிரேச்சியோவுக்குப் போய்க் குடில் பற்றிய மடலில் கையெழுத்திட்டார். நம் ஊரில் குடில் போட்டி நடக்கிறது. மோட்டார் வைத்த அருவி, எல்.இ.டி. வரிசை, தெர்மாகோல் மலை என்று இளைஞர்கள் இராப்பகலாக உழைக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிற அந்த இரவுகளில் நட்பும் பக்தியும் வளர்கின்றன. ஒரே ஒரு வேண்டுகோள்தான். 24-ஆம் தேதி இரவு வரை தொட்டியைக் காலியாக வையுங்கள். நடுவில் குழந்தை இல்லாத குடிலைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

பிள்ளைகளுக்காகத்தான் எல்லாவற்றையும் முன்னதாகச் செய்கிறோம், அவர்கள் சந்தோஷத்தைப் பறிக்கலாமா என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை இதற்கு மிக நல்ல பதில் 1839-இல் ஹாம்பர்க் நகரத்தில் கிடைத்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கு விடுதி நடத்திய லுத்தரன் இறையியலாளர் யோகான் ஹின்ரிக் விஹெர்னிடம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் பண்டிகையை முன்னுக்கு இழுக்கவில்லை. ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி என்று நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று உலகெங்கும், நம் ஆலயங்களிலும், பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவருகை வளையம் அங்கிருந்து வந்தது. காத்திருப்பதையே பிள்ளைகளின் ஆனந்தமாக்கிய ஏற்பாடு அது. பலகாரத்தை எல்லாம் முன்னதாகவே கொறித்துத் தீர்த்துவிட்ட பிள்ளைக்குப் பந்தியில் பசியிருக்காது. அந்தப் பசியைக் காப்பாற்றிக் கொடுப்பது தாய்தகப்பன் கடமை.

இன்னொரு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. அட்வென்ட் வேதாகமத்தில் உண்டா, மனிதர் வைத்த முறைதானே என்று கேட்கிற சபைகள் உண்டு. உண்மை, அது வேதாகமத்தில் இல்லை. டிசம்பர் 25-ஆம் தேதியும் இல்லை. கிறிஸ்துமஸையே ஆசரிக்காத பிரதரன் சபையாரும் வேறு சிலரும் தங்கள் நிலைப்பாட்டில் நேர்மையாக இருக்கிறார்கள்; அவர்களிடம் எனக்கு வாதமில்லை. ஆனால் திருநாளை மட்டும் பழைய திருச்சபையிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதோடு சேர்ந்து வந்த நோன்பை மனிதர் முறை என்று தள்ளுவது பொருந்தவில்லை. இனிப்பாக இருக்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு அது சமம்.

இவற்றைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் கிறிஸ்துமஸே சந்தடியின் நடுவில்தானே நடந்தது? குடிமதிப்பு எழுத ஊர் ஊராக ஜனம் போய்க்கொண்டிருந்தது, சத்திரத்தில் இடமில்லை, யாரும் ஆயத்தமாக இல்லை. அப்போதும் அவர் பிறந்தார். நம் ஆயத்தத்தைப் பொறுத்தா கடவுள் வருகிறார்? இல்லை. கிருபை நம் முயற்சிக்குக் கூலியாக வருவதில்லை. திருவருகைக் காலமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதே கதையில், வந்ததைக் கண்டவர்கள் யார் என்று பாருங்கள். இராக்காவல் வேலையில் இருந்த மேய்ப்பர்கள். அவர்கள் ஜெபக்கூட்டத்தில் இல்லை, வேலையில் இருந்தார்கள். ஆனால் விழித்திருந்தார்கள், செய்தி வந்ததும் உடனே எழுந்து போனார்கள். ஊரும் வேலையாகத்தான் இருந்தது. வேலைக்கு நடுவிலும் விழித்திருக்கிற அந்தத் திறனுக்குத்தான் நான்கு வாரப் பயிற்சி. 1944 டிசம்பரில் பெர்லின் டேகல் சிறையில், நாஜிகளின் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்த இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப், விலங்கிட்ட கைகளாலேயே திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். அந்தத் தாள்கள் அழுக்குத் துணியோடு சேர்ந்து இரகசியமாக வெளியே போயின. 1945 பிப்ரவரி 2-இல் அவர் தூக்கிலிடப்பட்டபோது வயது 37. அமைதியான சூழல் கிடைத்தால்தான் ஆயத்தம் செய்ய முடியும் என்கிற எண்ணத்தை அந்தத் தாள்களுக்குப் பிறகு வைத்துக்கொள்வது கடினம்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு குடும்பம் மட்டும் தனியாக டிசம்பரை மாற்றிக்கொள்வது எளிதில்லை. சபையின் அட்டவணைதான் வீட்டின் அட்டவணையை முடிவு செய்கிறது. அந்த அட்டவணை அக்டோபரிலோ நவம்பரிலோ பங்குப் பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் போடப்படுகிறது. ஆகவே பேச வேண்டிய இடம் அந்தக் கூட்டம். கேரல் ரவுண்ட்ஸை முழுக்க 25-க்குப் பிறகு தள்ளினால், ஊருக்குப் போய்விடுகிறார்கள், வருட முடிவு ஆராதனை ஆயத்தம் வந்துவிடுகிறது என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. அப்படியானால் 20-ஆம் தேதிக்குப் பிறகு நாலைந்து இரவு என்று சுருக்கலாம். அரையாண்டுத் தேர்வும் பெரும்பாலும் அந்த வாரத்தோடு முடிந்துவிடுவதால் பிள்ளைகளுக்கும் அது நல்லது. முதியோரும் நோயாளிகளும் இருக்கிற வீடுகளுக்குப் பாடப் போவதை மட்டும் 26-க்கும் ஜனவரி 6-க்கும் நடுவில் வைக்கலாம். யாரும் வராத நாட்களில் அவர்களுக்கு அது பெரிய விருந்து. சங்கங்களின் கிறிஸ்துமஸ் கூட்டங்களையும் அந்தப் பன்னிரண்டு நாட்களுக்கு மாற்றலாம், அவற்றில் பல நாள் பள்ளி விடுமுறையாகவே இருக்கும். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதுவால் கொல்லப்பட்ட பாலகரை நினைக்கிற அந்த நாளில் ஒரு காப்பகத்துக்கோ அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்கோ போவதைவிடப் பொருத்தமான கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் இருக்க முடியாது.

காலியாகிற முதல் மூன்று வாரங்களில் புதிய நிகழ்ச்சி எதையும் நுழைத்துவிடக் கூடாது. கமிட்டிகளுக்கு அந்த ஆசை வரும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு 23-ஆம் தேதி மாலை ஒரே வரிசையில் முந்நூறு பேரை நிறுத்தாமல், பங்குத்தந்தை மூன்று வாரமும் வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அன்பியக் கூட்டத்திலோ வீட்டு ஜெபத்திலோ லூக்கா முதல் அதிகாரத்தின் 80 வசனத்தையும் ஒருவர் உரக்க வாசித்தால் ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். வேறு பிரசங்கம் தேவையில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய அண்ணன் தம்பி வீட்டுக்குப் போவதற்கு ஒரு மாலை வேண்டும், அந்த மாலையில் சபையில் ஒன்றும் வைக்காமல் இருந்தால் அதுவே உதவி. 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆண்களும் சேர்ந்து முடிவெடுக்கலாம். அன்று இரவு கஞ்சி போதும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாக எழுதச் சொல்லி, செயலாளரிடம் இப்போதே கடிதம் கொடுத்துவிடலாம்.